பல் வைத்தியரின் நிலாக் கேக்

லண்டன் குட்மேய்ஸில் பக்கத்து வீட்டுச் சீனப்பெண் தந்த நிலாக் கேக்கை வெட்டி, நடுவில் உப்பு முட்டையின் மஞ்சட்கருவைக் கண்டதும், இருந்த இடமே தெரியாமல் போன யாழ்ப்பாணத்துச் சீனப் பல் வைத்தியரின் கடை நினைவில் வந்தது. கராம்பு எண்ணெய் மணக்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் பொய்ப்பற்கள் சிரிக்கும் அந்த அறையில், தங்கள் அறுவடைத் திருநாள் என்று சொல்லி, பூ அச்சுப் பதித்த இதே கேக்கை அவர் ஆண்டுதோறும் என்னிடம் நீட்டுவார்.

“பல்லுப் பிடுங்கிறவர் இனிப்புத் தாறார் எண்டால் சும்மாவே? தொடாதை!” என்று அம்மா என் கையைத் தட்டிவிடுவார். வைத்தியரே ஒரு துண்டைக் கடித்துக் காட்டினாலும், “அவருக்கென்ன, கட்டின பல்லு!” என்பார்.

அன்று தீராத ஆசையோடு இன்றுதான் கடித்தேன். கடைவாய்ப் பல் சுள்ளென்றது. அம்மாவின் சந்தேகம் சரிதான் போலும். பிடுங்கத்தான் அவர் இல்லை.