அந்தக் கை தேங்க்ஸ் சொல்லவில்லை

செய்தி வந்தது நம் கம்பெனி பஸ் குரூப்பில்தான். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது லேட் என்று போடுவதற்காக ஜெயராஜ் சாரே ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப் அது. காலை ஷிப்ட் வண்டிகள் கிளம்பிப் போயிருந்தன. டிரைவர் முனிராஜின் குரல் பதிவு வந்தது. "மேடம், நம்ம ஜெயராஜ் சார் போயிட்டாரு. பொம்மனஹள்ளி ஜீப்ரா கோட்டுல தண்ணி டேங்கர் அடிச்சிருச்சு." அதை நான் கேட்டு முடிப்பதற்குள் கீழே ஒருவர் எழுதிவிட்டார்: "ஓசூர் ரோடு ஜாமா? வேற ரூட்ல வரவா?" யாரென்று சொல்லப் போவதில்லை. படித்தால் அவருக்கே தெரியும். அன்று வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கட்டும் என்று காத்திருக்கவும் எனக்கு மனமில்லை.

ஹெப்பகோடி டிப்போவில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் பல வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். மனைவி ரெஜினா அக்காவின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் பெங்களூருக்குத் திரும்பினார். எங்கள் கம்பெனியில் டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். எந்த வண்டிக்கு எந்த டிரைவர் என்று போடுகிற நான் அவருக்கு எதிர் மேஜை. டிப்போவில் அவருக்கு வைத்த பெயர் லண்டன். அவர் இருந்தது லண்டனே இல்லை, வேறு ஏதோ ஊர். யார் கேட்டார்கள்? அவரும் திருத்தவில்லை.

அங்கே போன புதிதில் டிரைவிங் டெஸ்டில் தோற்ற கதையை அவரே சொல்லிச் சிரிப்பார். "இங்க எட்டு போட்டேன், லைசென்ஸ் குடுத்துட்டான். அந்தத் தெம்புல அங்க போய் உக்காந்தேன்மா. ஜீப்ரா கோட்டு ஓரமா ஒரு கெழவி நின்னுட்டு இருந்துச்சு. ரோட்டுல கால்கூட வைக்கல. நான் பாட்டுக்குப் போயிட்டேன். பக்கத்துல இருந்த ஆபீசர் அங்கயே வண்டிய ஓரங்கட்டச் சொல்லிட்டான்." கால் வைக்காதவருக்கு எதற்கு நிற்க வேண்டும் என்று கேட்டாராம். காத்திருக்கிறாரே, அது போதாதா என்றாராம் அந்த அதிகாரி. அந்தப் பதில் தன்னை விடவே இல்லை என்பார்.

இங்கே வந்து அதையே செய்தார். ஒரு நாள் பயிற்சிக்காக அவரே கம்பெனி பஸ்ஸை ஓட்டினார், நானும் உள்ளே இருந்தேன். கோட்டோரம் நாலைந்து பேர் நிற்பதைப் பார்த்து நிறுத்தினார். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. பைக்காரர் ஒருவர் ஜன்னலுக்கு வந்து, "ஏன்ரீ, காடி கெட்டோய்த்தா?" என்றார். வண்டி கெட்டுப்போகவில்லை, ஜனங்கள் தாண்டட்டும் என்று நிறுத்தினேன் என்று கன்னடத்திலேயே பொறுமையாகச் சொன்னார் சார். ஜனங்களோ தாண்டவில்லை. பஸ் நின்றால் ஏறத்தானே சொல்வார்கள் என்று நினைத்து ஒருவர் கதவைத் தட்டினார். "இந்த வண்டி மெஜஸ்டிக் போகுமா சார்?" வண்டி முழுக்கச் சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. "தனக்காக ஒரு வண்டி நிக்கும்னு இந்த மனுஷனுக்கு யாருமே காட்டலியேம்மா" என்றார். எனக்கும் அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

அவர் டிப்போவில் ஒழிக்கப் பார்த்த பழக்கம் ஒன்று உண்டு, லைட் அடிப்பது. எதிரே ஆளோ வண்டியோ குறுக்கே வந்தால் ஹெட்லைட்டை இரண்டு முறை மின்னவிடுகிறோமே, அது. அதற்கு இங்கே அர்த்தம் 'நான் வரேன், ஒதுங்கு'. இங்கிலாந்தில் அதே மின்னலுக்குப் பழக்கத்தில் அர்த்தம் 'நீ போ, நான் நிக்கிறேன்'. எதிராளி ஸ்டியரிங்கில் இருந்தே லேசாகக் கையைத் தூக்கி நன்றி காட்டிவிட்டுப் போவானாம். முனிராஜ் ஒருமுறை கேட்டார், "லைட் அடிக்கலன்னா நாங்க வர்றது அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?" சார் சொன்னார், "நீ வர்றது அவனுக்கு நல்லாவே தெரியும்ப்பா. நீ நிப்பியான்றதுதான் தெரியல." முனிராஜ் அதன்பிறகு லைட் அடிக்கவில்லை. அதை நானே பார்த்திருக்கிறேன்.

சட்டம் வேறு வேறு என்று நினைக்காதீர்கள். அங்கேயும் இடது பக்கம்தான், இங்கேயும் இடது பக்கம்தான். கோட்டில் நடப்பவருக்கே முதல் உரிமை என்று நம் விதியிலும் இருக்கிறது. "ரெண்டு ஊர்லயும் எழுதி வச்சது ஒண்ணுதான்மா. அங்க படிச்சுட்டு ஓட்டுறான், இங்க ஓட்டிட்டு சமாதானம் சொல்றான்" என்பார். அந்தச் சமாதானத்தை அவர் சாவு வீட்டிலேயே நான் கேட்க வேண்டியிருந்தது.

கன்டோன்மென்ட் பக்கம், சர்ச்சுக்குப் பின் தெருவில் அவர் வீடு. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ரெஜினா அக்காவின் தம்பி வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். "அந்த ஊர்லயே இருந்து பழகிட்டாருங்க. டேங்கர்காரன் லைட் அடிச்சிருக்கான். இவரு போகச் சொல்றான்னு நெனச்சு நடந்துட்டாரு. கையத் தூக்கி தேங்க்ஸ் வேற சொன்னாராம், பாவம்." கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் உதட்டோரம் சிரித்ததையும் பார்த்தேன். டேங்கர்காரர் தரப்பில் வந்த ஆளும் இதையேதான் சொன்னான், "அவர் மிஸ்டேக் சார், நம்ம டிரைவர் லைட் போட்டுத்தான் வந்திருக்கான்." லைட் போட்டானாம். பிரேக்கில் கால் வைத்தானா என்று அங்கே ஒரு ஆள் கேட்கவில்லை. ஜீப்ரா கோட்டில் நடந்த மனிதர் செத்துக் கிடக்கிறார், நடந்தது அவர் தப்பாம். எனக்கு ரத்தம் கொதித்தது.

ரெஜினா அக்கா என் கையைப் பிடித்து அருகே இழுத்தார். "கலை, ஊர மறந்துட்டு நடக்கிற ஆளா அவரு? நீ தெனமும் கூட இருந்தியே, சொல்லு. நாந்தான் அங்கிருந்து கூட்டிட்டு வந்தேன். மறந்துதான் செத்தாருன்னா அந்தப் பழி எனக்குத்தானே?" பதில் என்னிடம் இருந்தது. ஆனால் மனதில் பட்டதை மட்டும் வைத்து அக்காவிடம் பேச எனக்குத் துணிவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பொம்மனஹள்ளியில் இறங்கினேன். கோட்டுக்கு எதிரிலேயே இளநீர் வண்டி போடுகிற பெரியவரிடம் கேட்டேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். "பாத்தேன்மா. நம்ம கண்ணு முன்னாடிதான். டேங்கர் லைட் அடிச்சுட்டே வந்தான். அவரு கையத் தூக்கினாரு."

"எப்படித் தூக்கினாருங்க? தேங்க்ஸ் சொல்ற மாதிரியா?"

"தேங்க்ஸா? யாரும்மா சொன்னது?" அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்து நின்றார். வலது கையை முழுதாக நீட்டி, உள்ளங்கையை வண்டிகளுக்கு நேராகக் காட்டினார். இடது கையைப் பின்னால் விரித்துவைத்தார். "இப்படி. பின்னாடி ஒரு கார்மென்ட்ஸ் பொண்ணு, நேரமாச்சுன்னு ஓடிவந்துச்சு. அத வராதன்னு இந்தக் கையால தடுத்தாரு. அந்தக் கையால அவன நிக்கச் சொன்னாரு. அவன் நிக்கல."

டிப்போ வாசலில் நம் பெண்கள் ரோட்டைத் தாண்டும்போது அவர் நடுவில் போய் நின்று காட்டும் அதே கை. நீங்கள் எல்லோரும் பார்த்த கைதான். அதை வைத்து எத்தனை பேர் டிராபிக் போலீஸ் என்று கிண்டல் செய்திருக்கிறோம்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அந்தப் பெரியவர் நின்றது போலவே கூடத்தின் நடுவில் நின்று காட்டினேன். அக்கா என் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டார். "டேய், இங்க வா. இனிமே யார் கேட்டாலும் இப்படி நின்னு காட்டு" என்றார். தம்பி தலைகுனிந்தார்.

வேறொரு நாட்டுப் பழக்கத்தில் ஏமாந்து அவர் சாகவில்லை. இந்த ஊர் எப்படி ஓட்டும் என்று முழுக்கத் தெரிந்துதான் கையை நீட்டினார். சட்டம் தன் பக்கம் என்பது அவருக்குத் தெரியும். அது டேங்கருக்கும் தெரியும். தெரிந்தும் நிற்காதவனை விட்டுவிட்டு, நின்றவரின் ஞாபக சக்தியைச் சந்தேகப்படுகிறோம். வெட்கமாக இல்லையா நமக்கு?

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கை ஒன்றுதான். தினமும் காலையில் அதே கோட்டில் அதை நீட்டிக்கொண்டுதான் தாண்டுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. டேங்கர்கள் இன்னும் லைட் அடிக்கின்றன. ஸ்டியரிங்கில் இருக்கும் உங்களில் யாராவது என்னைப் பார்த்தால், ஏதோ ஒரு பைத்தியம் தேங்க்ஸ் சொல்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். நிற்கச் சொல்கிறேன்.