முக்கால் உருண்டைக்குப் பக்கத்தில் மூன்று சீசன்

தனக்கே விளங்காத ஒன்றை அடுத்தவருக்கு விளக்கிச் சம்பளம் வாங்குகிற தொழில்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. என்னுடையது பூமியின் நடுப்பகுதி. எழுபதுகளின் கடைசியில் மூன்று வருஷம், குற்றாலம் சீசன் பொருட்காட்சியில் ஒரு அரசு அறிவியல் துறையின் அரங்கில் நின்று, ஈரத் தலையோடு வருகிறவர்களுக்குப் பூமிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். படித்தது பி.காம். என்னைப் போலப் பொருந்தாத நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டவர்கள் இதைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

மூன்று பக்க ஞானம்

அரங்கின் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டர் உருண்டை. அதில் கால்வாசியை அறுத்து எடுத்திருப்பார்கள். மேலே மெல்லிசாக ஒரு தோல், அதன் கீழே சிவப்புப் பெயிண்டில் மேன்டில் என்கிற தடித்த அடுக்கு, அடுத்து ஆரஞ்சு நிறத்தில் வெளிக்கரு, நட்டநடுவில் மஞ்சள் அடித்த மரப்பந்து ஒன்று. அதுதான் உள்கரு. சாரல் அடித்தால் பெயிண்ட் ஊறி என் சட்டையில் ஏறிவிடும். விளக்கம் சொல்வதற்கு டைப் அடித்த மூன்று பக்கம் கொடுத்திருந்தார்கள். தென்காசியில் பஸ் ஏறி மேலகரம் தாண்டுவதற்குள் ஒரு தடவை ஒப்பித்துவிடுவேன்.

மூன்றாவது சீசன் ஆரம்பத்தில் ஒரு செய்தி வந்தது. தற்காலிகப் பணியாளர்களில் ஒருவரை நிரந்தரமாக்கப் போகிறார்கள், கடைசி ஞாயிற்றுக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு விஞ்ஞானி வந்து எங்கள் பேச்சைக் கேட்பார். எனக்கு அந்த ஆர்டர் வேண்டும். வாசுதேவநல்லூரில் கோமதியைப் பெண் பார்த்து, எனக்கு அவளையும் அவளுக்கு என்னையும் பிடித்துப் போய், அவளுடைய அப்பா மட்டும் ஆர்டரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தட்டு மாற்றுவது என்று நின்றுகொண்டிருந்தார். இதைக் கேட்ட எங்கள் துறையே நடத்திய பக்கத்து மீன் வளர்ப்பு அரங்கின் செல்லையா அண்ணாச்சி, உதவி செய்கிறேன் என்று என் மூன்று பக்கத்தையும் வாங்கிப் படித்தார். ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “லே, இதைப் படிச்சதுல எனக்குத் தெரிஞ்சிருந்த கொஞ்சமும் போயிட்டுலே.”

அறுபதடிக் கிணறு

கீழே போகப் போகச் சூடு ஏறும் என்பது என் முதல் பக்கத்தின் முதல் வரி. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வந்த ஒரு விவசாயி அந்த வரியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவருடைய கிணறு அறுபதடி. சித்திரை வெயிலில் உள்ளே இறங்கினால் குளிர்கிறது. அவர் தோண்டியவர், நான் ஒப்பித்தவன். யாரை நம்புவது என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. அறுபதடியெல்லாம் பூமிக்குத் தோல்கூட இல்லை, நடுவுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் போக வேண்டும் என்றேன். அவர் உருண்டையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, கவலையோடு கேட்டார்: “எந்த அடியில சூடு ஆரம்பிக்குன்னு மட்டும் கரெக்டா சொல்லிரு தம்பி, அதுக்கு முன்னால தோண்டுறத நிப்பாட்டிருதேன்.”

மூக்குத்தி

இரண்டாம் பக்கம் முழுக்கக் கனிமங்கள். ஆழத்தின் நெருக்கத்தில் ஒரு கல்லுக்குள் இருக்கிற அணுக்களெல்லாம் நெருங்கி அடுக்கிக்கொள்ளும், அதே சரக்குதான், ஆனால் வேறு கல்லாகிவிடும் என்று எழுதியிருந்தது. மேலே பென்சில் கரியாக இருப்பதே ஆழத்தில் வைரம். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்கு அடுத்த வரியையும் ஒப்பித்தேன்: வைரத்துக்கு மேற்பரப்பு சொந்த இடமில்லை, காலப்போக்கில் அது மறுபடியும் கரியாக மாறக்கூடும்.

கூட்டத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். மகள் கல்யாணத்துக்காக வைர மூக்குத்தி வாங்கி பீரோவில் வைத்திருக்கிறாராம். எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டார். மூன்று பக்கத்தில் அது இல்லை. யாரும் இருந்து பார்க்க முடியாத காலம் என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்குத் திருதிருவென்று விழித்தேன். அவர் என் முழியைப் பார்த்தே பாதி அழுகையில் கேட்டார்: “கல்யாணம் தையிலதான் இருக்கு, அது வரைக்குமாவது தாங்குமா தம்பி?”

சிவப்புப் பெயிண்ட்

ஒரு கல்லூரியிலிருந்து பையன்களைக் கூட்டிக்கொண்டு ஒரு மண்ணியல் ஆசிரியர் வந்தார். நான் வழக்கம்போல மேன்டிலைத் தொட்டு, “இங்கே எல்லாம் கொதிக்கிற குழம்பு” என்றேன். அவர் எல்லோரும் போகும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னார். அது குழம்பு இல்லை, கல். அங்கங்கே கொஞ்சம் உருகும், மற்றபடி திடமான கல். ஆனால் அது ஓடும், நகம் வளர்கிற வேகத்தில். என் கணக்கில் கல் என்றால் ஓடக் கூடாது, ஓடினால் அது கல் இல்லை. டைப் அடித்த தாளைத் துழாவினேன். குழம்பு என்று அதில் ஒரு இடத்திலும் இல்லை. சிவப்புப் பெயிண்டைப் பார்த்து நானாகவே இரண்டரை சீசனாகக் கொதிக்க வைத்திருக்கிறேன்.

செல்லையா அண்ணாச்சி என்னை ரோட்டோரம் இழுத்துக்கொண்டு போனார். சாரலில் இறுகிக் கிடந்த தார் டிரம்மை ஒருவர் கடப்பாரையால் குத்த, கல் மாதிரியே சில்லு தெறித்தது. பக்கத்தில் சாய்ந்து கிடந்த இன்னொரு டிரம்மிலிருந்து அதே தார், போன மாதத்திலிருந்து வாய் வழியாக ஒரு முழம் வழிந்திருந்தது. பாதி புரிந்தது. மீதிப் பாதிக்காக எங்கள் கண்காணிப்பாளரிடம் போய், உருண்டை நிறத்தை மாற்ற வேண்டும், ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று முறையிட்டேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “ஸ்டாக்குல செவப்புதான் இருக்கு, அதுக்குத் தகுந்த மாதிரி பேசுங்க.”

மஞ்சள் பந்து

கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில், விஞ்ஞானி வருவதற்கு முன்னாலேயே கோமதியின் அப்பா வந்து நின்றார். தலை நிறைய நல்லெண்ணெய், தோளில் துண்டு. அருவிக்குப் போகிற வழியில் மாப்பிள்ளை பார்க்கிற வேலையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மஞ்சள் பந்தைக் காட்டினார். வெளிக்கரு இரும்பு உருகிக் கிடக்கிறது, சரி. உள்கரு அதைவிடச் சூடு, அதுவும் சரி. அப்புறம் அது மட்டும் எப்படிக் கட்டியாக இருக்கிறது? மூன்றாம் பக்கத்தில் ‘அழுத்தத்தின் காரணமாக’ என்று இரண்டே வார்த்தை. அதைச் சொன்னேன். அழுத்தினால் ஏன் உருகாது என்று கேட்டார். மூன்று வருஷமாக நானும் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. கோமதி கையைவிட்டுப் போகிறாள் என்று நிஜமாகவே பயந்தேன். அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்: “அழுத்துதுங்கிய, ஆனா எப்படின்னு தெரியாதுங்கிய, நல்ல வேலதான்.”

நடுவில் மாட்டியவர்

மத்தியானம் விஞ்ஞானி வந்தார். கேட்டுக்கொண்டே வந்தவர், சொல்லி வைத்தாற்போல மஞ்சள் பந்துக்குப் பக்கத்தில் நின்றார். அதே கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் கோமதியின் அப்பா சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தார். துண்டைக் காணோம். விஞ்ஞானி யார் என்றே அவருக்குத் தெரியாது. பேரருவியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அவரை நடுவில் வைத்துப் பூட்டிவிட்டதாம். “ஓரத்துல நிக்கவன் குதியா குதிக்கான். எனக்கும் குதிக்கணும் போலத்தான் இருக்கு, கையத் தூக்க முடியணும்லா? நாலா பக்கமும் நெருக்கி, நட்ட கல்லு மாதிரி நிறுத்திட்டானுவ!”

மூன்று வருஷம் பிடிபடாதது அந்த நிமிஷத்தில் பிடிபட்டது. விஞ்ஞானியிடம் சொன்னேன். சூடு என்பது உள்ளே இருக்கிற ஒவ்வொரு அணுவும் குதிக்க நினைப்பது, சார். வெளிக்கருவில் குதிக்க இடம் இருக்கிறது, அதனால் குழம்பு. நடுவில் இன்னும் பலமாகக் குதிக்கப் பார்க்கும், ஆனால் பூமி மொத்தமும் சுற்றி நின்று நெருக்குகிறது, இடம் இல்லை, அதனால் கட்டி. ஞாயிற்றுக்கிழமைப் பேரருவிதான். நடுவில் நின்றவர் இதோ நிற்கிறார். விஞ்ஞானி என் வருங்கால மாமாவை மேலும் கீழும் பார்த்து, நிஜமாகவே அசைய முடியவில்லையா என்று கேட்டார். மாமா விலாவைத் தடவிக் காட்டினார்: “ஒருத்தன் முழங்கை இன்னும் இங்கனதான் சார் இருக்கு.”

ஆர்டர்

புரட்டாசியில் ஆர்டர் வந்தது. நிரந்தரம்தான். பூமிப் பிரிவில் காலியிடம் இல்லாததால் மீன் வளர்ப்புப் பிரிவில் செல்லையா அண்ணாச்சிக்கு உதவியாளர். மூன்று வருஷத்தில் ஒரே ஒரு விஷயம் புரிந்ததும் அங்கிருந்து தூக்கிவிட்டார்களே என்று எனக்கு மனசே ஆறவில்லை. ஆர்டரை வாசுதேவநல்லூருக்குக் கொண்டுபோய் நீட்டினேன். மாமா இரண்டு தடவை படித்துவிட்டு முகம் மலர்ந்தார்: “மீனு நல்லதுதான் மாப்ளே, அது ஏன் நீந்துதுன்னு எவனும் கேக்க மாட்டான்.”

தையில் கல்யாணம் முடிந்து இத்தனை வருஷமாகியும் கோமதி தினமும் கண்ணாடி முன்னால் நின்று மாமா போட்ட வைர மூக்குத்தி கறுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காபி போடப் போகிறாள் என்றால், மூன்று சீசன் நான் சொன்னதை ஒரு ஜீவனாவது முழுசாக நம்பியிருக்கிறது என்றுதானே அர்த்தம்.