எத்தனை கால்?

கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த மருந்துக் கடையில் ஒரு போர்டு தொங்கும். "ஆடு, மாடுகளுக்கு இங்கே மருந்து தரப்படாது." முதலாளி தன் கையாலேயே எழுதி மாட்டியது. அந்தப் போர்டு ஏறிய நாளிலிருந்து ஆட்டுக்கு மருந்து கேட்டு ஒருவரும் வந்ததில்லை. அதற்குப் பதிலாக, சுற்றுப்பட்டியில் உள்ள மாமனார், மாமியார், கொழுந்தன்மாருக்கெல்லாம் வயிற்றால் போக ஆரம்பித்தது.

இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. மாட்டாஸ்பத்திரி மத்தியானத்தோடு பூட்டிவிடும். ஆடுகளோ மேய்ச்சல் முடிந்து பொழுது சாய வீடு திரும்பும்போதுதான் படுத்துக்கொள்ளும். ஒரு டாக்டருக்குப் பல ஊர். ஆகவே, "மனுசனுக்கு ஒண்ணுன்னா ஆட்டுக்கு அரை" என்று சனங்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். முதலாளி, ஊரார் வாயில் பாய், அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்: "நாலு கால் செத்துட்டா சண்டைக்கு வாரது நாலு கால் இல்லம்மா. ரெண்டு கால்தான்."

இந்த மாதிரிப் பேச்சுக்காகத்தான் அந்தக் கடையில் நான் மூன்று வருஷம் நின்றேன் என்றுகூடச் சொல்லலாம். ப்ளஸ் டூ முடித்து, மனித டாக்டருக்கான பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் தவறி, "ஒரு மாசம் நிக்கேன்" என்று சொல்லி ஏறிய கடை. நின்றது நின்றதுதான். மருந்து வாங்க வருகிற சனங்கள் உதிர்த்துவிட்டுப் போகும் சொலவடைகளை, காலியான மாத்திரை அட்டைப்பெட்டியைப் பிரித்து உள்பக்கம் எழுதி வைப்பேன். "நோவு சொல்லத் தெரிஞ்சவன் பாதி பொழச்சவன்" என்று ஒருவர் சொன்னதை எழுதும்போது, அது என்னைப் பிடித்து உலுக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஒரு மாசி மாதம். மக்காச்சோள அறுப்பு முடிந்து, நாற்கரச் சாலையின் ஓரப்பாதை முழுக்கச் சோளத்தைக் கொட்டிக் காயப் போட்டிருந்த நேரம். இடைசெவல் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். வாடிக்கையாக வருகிறவர்தான். ஆடு வளர்க்கிறவர்.

"தங்கச்சி, எங்க அத்தைக்கு வயிறு உப்பிப் போச்சு. ஒண்ணும் திங்க மாட்டேங்காவ. படுத்தே கெடக்காவ."

"என்னக்கா சாப்பிட்டாவ?"

"மக்காச்சோளம். கொஞ்சம் கூடத்தான் தின்னுட்டாவ."

"அவிச்சதா, சுட்டதா?"

அக்கா ஒரு கணம் என்னையே பார்த்தார். "அவிச்சதுதான்."

வாயுவுக்கு ரோஸ் நிற டானிக் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். பேச்சுக்காரி வாய் சும்மா இருக்குமா? "வெதுவெதுன்னு நெறைய தண்ணி குடுங்கக்கா. குடிக்கக் குடிக்கத்தான் கரையும்" என்று அக்கறையாகச் சொல்லி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அந்த அத்தையே, அக்காவின் மாமியார், மூட்டு வலித் தைலம் வாங்க வந்து நின்றார். இடுப்பில் கை வைத்து, கட்டாந்தரையில் நட்ட கம்பு மாதிரி.

"ஆச்சி, வயிறு இப்ப எப்படி இருக்கு?"

"எவ வயிறு?"

"உங்களுக்குத்தான. மக்காச்சோளம் தின்னு..."

"எனக்கென்னட்டி கேடு? நான் கல்லைத் தின்னாலும் செரிப்பேன்." சொல்லிவிட்டு அப்படியே நின்றார். முகத்தில் ஏதோ ஓடியது. "அட அவ நாசமாப் போக! என்னையச் சாக்கு வெச்சா மருந்து வாங்குனா? அது எங்க செனையாடுல்லா! ரோட்டுல காஞ்ச சோளத்த மூச்சுமுட்டத் தின்னுருந்துச்சு. மருந்தக் குடுத்து, தண்ணியக் குடுத்து, தண்ணியக் குடுத்து... வயிறு பானை கணக்கா ஆயி, விடியுமுன்ன போயிருச்சு. உள்ள ரெண்டு குட்டி."

வரிசையில் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். குட்டி என்றதும் நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் காலையில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு கன்றுக்குட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, "தானியம் அதிகமா தின்ன ஆட்டுக்குத் தண்ணியே காட்டக் கூடாதும்மா" என்றார். வயிற்றுக்குள்ளே தானியம் புளித்துப் பொங்கும், தண்ணீர் சேர்ந்தால் இன்னும் மோசமாகும் என்று விளக்கினார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. தண்ணீர் கொடுக்காமல் இருந்தாலும் அந்த ஆடு செத்திருக்கலாம். ஆனால் மனிதருக்கு நூறு தடவை சொன்ன நல்ல யோசனை, தெரியாத ஓர் உயிருக்கு நான் சொன்ன கெட்ட யோசனையாகப் போய்விட்டது. நோவு சொல்லத் தெரியாத பிராணி. அதற்காகப் பேச வந்தவரும் பொய் சொன்னார். கேட்டுக்கொண்ட எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அன்றிலிருந்து வயிறு, காய்ச்சல், சிராய்ப்பு என்று யார் வந்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை கால்?"

சிலர் முறைத்தார்கள். பலர் கல்லாப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "நாலுதான் தங்கச்சி, பாய்கிட்டச் சொல்லிராத" என்றார்கள். என்ன தின்றது, எப்போது தின்றது, சாணம் எப்படி என்று கேட்டு, ஒரு சீட்டில் எழுதி, டாக்டரம்மாவின் நம்பரையும் போட்டுக் கொடுப்பேன். மருந்து கொடுக்க மாட்டேன். முதலாளி ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, கடைய மாட்டாஸ்பத்திரி ஆக்கப் போறியா? ஆக்குறதுன்னா படிச்சுட்டு வந்து ஆக்கு."

கேலியாகத்தான் சொன்னார். எனக்கு அது கேலியாக விழவில்லை. வீட்டுக்கு வந்து செல்போனில் தேடினேன். கால்நடை மருத்துவப் படிப்புக்கு ப்ளஸ் டூ மார்க்குதான் கணக்கு. என்னைப் போல அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒதுக்கீடும் இருந்தது. வயது வரம்பு அந்த வருஷத்தோடு எனக்கு முடிந்தது. தவறினால் மூன்றாவது தவறல். அதற்கப்புறம் கதவே கிடையாது.

அப்பா குட்டியானை ஓட்டுகிறவர். அந்தச் சின்ன லோடு வண்டியில் தீப்பெட்டி பண்டலும் ஏற்றுவார், சோள மூட்டையும் ஏற்றுவார். விஷயத்தைச் சொன்னதும் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார்.

"மனுச டாக்டருன்னு ரெண்டு வருசம் உக்காந்த. பெறவு மருந்துக் கட. இப்ப ஆட்டு டாக்டரா? ஏட்டி, கொப்பு விட்டுக் கொப்பு தாவுத காக்கா கூடு கட்டாது."

நல்ல சொலவடை. வேறு யாருக்காவது சொல்லியிருந்தால் அட்டையில் எழுதி வைத்திருப்பேன். அவர் கோபத்தில் பேசவில்லை. இரண்டு தடவை ரிசல்ட் பார்த்துவிட்டு நான் கதவைச் சாத்திக்கொண்டபோது, வெளியே நின்றவர் அவர்தானே.

இடம் கிடைத்தது. கடைசி நாளில், மேல் தட்டு எட்டுவதற்காக நான் ஏறி நிற்கும் ஸ்டூலை முதலாளி காட்டி, "இதையும் தூக்கிட்டுப் போ. எருமைக்கு ஊசி போட உனக்கு வேணும்லா?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டுதான் போனேன்.

கல்லூரியில் சிரிப்பு நின்றுவிட்டது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் என்னைவிட இளையவர்கள், எனக்கு 'அக்கா' என்று பேர். பாடமெல்லாம் இங்கிலீஷ். அதைக்கூட மென்று விழுங்கிவிடலாம். எலும்புதான் தொண்டையில் நின்றது. முதல் வருஷத்தில் மேசை நிறைய எலும்பைப் பரப்பி, ஒன்றை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். எந்தப் பிராணி? முன்காலா, பின்காலா? இடதா, வலதா? கால்களின் எண்ணிக்கையைக் கேட்டே ஊரில் பேர் வாங்கிய எனக்கு, ஒரு காலில் இடது எது வலது எது என்று சொல்லத் தெரியவில்லை. பசுவின் எலும்பைக் குதிரை என்றேன். வலதை இடது என்றேன். முதல் தேர்வில் பெயில். வருஷக் கடைசியிலும் இப்படியே போனால் வருஷமே போய்விடும் என்றார்கள்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது எல்லாப் புத்தகங்களையும் பையில் அடைத்துக்கொண்டேன். லீவுக்கு யாரும் எல்லாப் புத்தகத்தையும் கொண்டுபோவதில்லை. நான் திரும்பிப் போகப் போவதில்லை. இதை வீட்டில் சொல்லவில்லை. பொங்கல் முடிந்த மறுநாள் கடைக்குப் போய், "மொதலாளி, என் எடம் காலியாத்தான இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாம் பெறவு பேசலாம். கூட்டமா இருக்கு. அங்கன நில்லு."

நின்றேன். ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது. இரண்டு இருமல் டானிக், ஒரு தைலம் எடுத்துக் கொடுத்திருப்பேன். வரிசையைத் தள்ளிக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"நாலு கால்! நாலு கால்! தள்ளுங்கய்யா!"

அதே அக்கா. இந்த வருஷம் சீக்கிரமே அறுத்துக் காயப் போட்ட சோளம். "மூணு ஆடு, தங்கச்சி. மக்காச்சோளம். பச்சையும் இல்ல, அவிச்சதும் இல்ல, ரோட்டுல காஞ்சது. ஏழு மணி வாக்குல தின்னுச்சு. தண்ணி காட்டல. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேங்காவ."

வரிசையில் ஒருவர், "மாமியாளுக்கு இல்லையே மதினி?" என்று கேட்டார்.

"மாமியா தொட்டி முன்னால கம்போட நிக்கா, ஆட்டத் தண்ணிப் பக்கம் அண்ட விடாம. போயிக் கேட்டுக்கோ!"

மணி பத்தரை. மாட்டாஸ்பத்திரி திறந்துதான் இருக்கும். மூன்று ஆட்டைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"மூட்டை ஏத்துத வண்டில ஆட்ட ஏத்தச் சொல்லுதியா?"

"ஆமாப்பா."

வண்டிச் சாவி குலுங்கும் சத்தம் கேட்டது. "வாரேன்."

அக்காவின் ஊருக்குப் போனபோது ஆச்சி நிஜமாகவே கம்போடு நின்றார். ஆடுகளை ஏற்றினோம். அப்பா முன்னால், அக்காவும் நானும் பின்னால் ஆடுகளோடு. மூன்றில் சின்னது தலையைத் தொங்கப் போட்டிருந்தது. பெரியதின் விலாவில் கையை வைத்து அமுக்கினேன். பாதி நிறைந்த குடத்தைத் தூக்கினால் அலம்புமே, அப்படி உள்ளே அலம்பியது. எந்தப் பக்கம் கை வைத்தேன் என்று அப்புறம்தான் கவனித்தேன். இடது. தின்ற தீனி சேரும் பெருவயிறு கிடக்கிற பக்கம். யோசிக்காமலே கை போயிருந்தது. வண்டி குலுங்கியபோது ஆடு சரியாமல் இருக்க அதன் பின்னங்காலைப் பிடித்தேன். மேசையில் என்னை ஏய்த்த அதே எலும்பு, தோலுக்கு அடியில், சூடாக, என் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. இடது பின்னங்கால். யாரும் கேட்கவில்லை. நானாகவே வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் டாக்டரம்மா போனை எடுக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நான் படிக்கிறேன் என்று அக்கா பெருமையாகச் சொன்னதைக் கேட்டு, "எந்த வருஷம்?" என்றார்.

"முதல் வருஷம் மேடம். எலும்புல பெயில்."

"எலும்பு இங்கதான் இருக்கு. பிடி." ஆட்டின் தலையை என் கையில் கொடுத்தார். "தலையத் தூக்காத. தூக்குனா மருந்து நுரையீரலுக்குப் போயிரும். தாழ்த்திப் பிடி. அப்படித்தான்."

குழாய் வழியாகச் சோடா உப்புக் கரைசல் போனது. ஊசி, சலைன். மத்தியானம் பூட்ட வேண்டிய ஆஸ்பத்திரி மூன்று மணி வரை திறந்திருந்தது. சின்ன ஆடு பிழைக்கவில்லை. மற்ற இரண்டும் மூன்று மணி வாக்கில் எழுந்து நின்றன. பெரியது அசை போட ஆரம்பித்தபோது அந்தத் தாடை அசைவதை நாங்கள் நாலு பேரும் சினிமா பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பாவும்தான்.

திரும்பும் வழியில் அக்கா என் தோளில் இடித்தார். "போன தடவ நான் பொய் சொன்னேன், நீ தெரியாம சொன்ன. ரெண்டு பேரு குத்தத்துக்கும் சேத்து ஒரு செனையாடு போச்சு. இந்தத் தடவ நான் உள்ளதச் சொல்லிட்டேன்." அப்புறம், "நீயும் தெரிஞ்சுக்கிட்டுச் சீக்கிரம் வாட்டி" என்றார்.

நான் பெரிய ஆட்டின் கழுத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வண்டியின் பின்கதவை இறக்கிப் புழுக்கையைக் கூட்டினார். சோள மணிகளும் புழுக்கையும் கலந்து கிடந்தன. முகத்தைத் திருப்பாமலே சொன்னார்:

"புத்தகம் பூராத்தையும் கட்டிக்கிட்டு வந்திருக்கியேன்னு அன்னிக்கே பாத்தேன்."

நான் விளக்குமாற்றை வாங்கிக்கொண்டேன்.

"பாயும் போன் பண்ணுனாரு. ஒனக்கு அங்கன எடம் இல்லையாம். ஸ்டூலுக்கு வேற ஆளு வந்தாச்சாம்."

பொய். ஸ்டூல் காலியாகக் கிடந்ததைக் காலையில்தான் பார்த்துவிட்டு வந்தேன்.

"திங்கக்கெழம எத்தன மணிக்கு பஸ்சு?" என்றார் அப்பா.

"அஞ்சே முக்காலுக்கு."

"வண்டிலயே ஸ்டாண்டுல விட்டுருதேன். அதுக்குள்ள நல்லா கழுவிருதேன். ஆட்டு நாத்தம் ஒட்டிக்கிடும்."

"கழுவ வேண்டாம்ப்பா" என்றேன். "அங்கனயும் இதே நாத்தந்தான்."