அக்குன்னா எழுதிய சின்னக் கடிதம்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அக்குன்னாவுக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை என்பதற்கு எங்கள் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். தேர்வு அறையில் தூங்கிவிட்டாளாம். வாய்தான் நீளமாம், எழுதச் சொன்னால் ஒன்றும் வராதாம். நான் அவளுக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து அதே தேர்வை எழுதியவன். நடந்தது வேறு.

வாய் நீளம் என்பது மட்டும் உண்மை. சந்தையில் அவள் அம்மாவோடு உட்கார்ந்து ஒக்பா என்ற பயற்று மாவுப் பலகாரம் விற்கும்போது, வாங்க வராதவர்கள்கூட அவள் பேச்சைக் கேட்க நிற்பார்கள். பள்ளியில் அதே வாய்க்குத்தான் தண்டனை. வளாகத்துக்குள் இங்கிலீஷ் மட்டுமே பேச வேண்டும். எங்கள் தாய்மொழியான இக்போவைப் பேசி மாட்டிக்கொண்டால், அன்று முழுவதும் கழுத்தில் ஒரு மரப்பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிய வேண்டும். அதை அதிகமாக மாட்டியவள் அக்குன்னாதான்.

"எனக்கு இது சங்கிலி மாதிரிடா சொமடினா. கழட்டிட்டா கழுத்து குளிருது" என்பாள் என்னிடம்.

அதே பள்ளிதான் எங்களிடம் நல்ல இக்போக் கட்டுரையும் எதிர்பார்த்தது. அதற்கு ஆசிரியர் கண்டுபிடித்த வழி, நான்கைந்து கடிதங்களை அவரே சொல்லி எழுதவைத்து மனப்பாடம் செய்யவைப்பது. கேள்வி என்னவாக இருந்தாலும் எங்கள் விடைத்தாள்களில் அப்பா நலமாக இருப்பார், மழை நன்றாகப் பெய்திருக்கும், ஆடு குட்டி போட்டிருக்கும். ஒரு வகுப்பு முழுக்க ஒரே ஆடு. நடுவில் ஒரு வரி மறந்துவிட்டால் அப்படியே இங்கிலீஷுக்குத் தாவிவிடுவோம். அக்குன்னா மட்டும் மனப்பாடம் செய்யமாட்டாள். சொந்தமாக எழுதுவாள். நீளமாகவும் எழுதுவாள்.

அவளுக்கு இக்போ ஆசிரியை ஆக வேண்டும் என்று ஆசை. ஆனால் வீட்டை நடத்துவது அண்ணன் எசென்வா. காபோன் நாட்டின் லிப்ரவில்லில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அவர் போனில் சொன்னது இதுதான்: "இந்த வருஷம் இடம் கிடைச்சா படி. கிடைக்கலேன்னா கிளம்பி இங்க வா. என் புள்ளைங்களப் பாத்துக்க ஆள் வேணும்." இக்போத் துறையில் சேர ஒரே ஒரு கட்டுரைதான் தேர்வு. அவளுக்கு இடம் உறுதி என்று எல்லோரும் நினைத்தோம்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, எனுகு நகர மருத்துவமனையில் நோயாகக் கிடந்த அவள் அப்பா ஒக்வோசா இறந்துபோனார்.

அவர் ஊர் முறைப்படி பட்டம் கட்டப்பட்ட மனிதர். எங்களிடத்தில் அப்படிப்பட்டவர் சும்மா இறந்துவிட முடியாது. மூத்த மகன் வந்து சேர வேண்டும். பங்காளிகள் கூட வேண்டும். அவருடைய தாய்வழி உறவுக்கு முறைப்படி ஆள் போய்ச் சொல்ல வேண்டும். அதுவரை அவர் உயிரோடுதான் இருக்கிறார். மூத்த மகனிடம்கூட விஷயத்தைச் சொல்லமாட்டார்கள், வா என்று மட்டும்தான் சொல்வார்கள். உடல் பிணவறையில் இருக்க, வீட்டில் அடுப்பு எரியும், சந்தைக்குப் போவார்கள்.

சித்தப்பா அனியெக்வே அன்றே வீட்டுக்கு வந்து அம்மாவையும் மகளையும் எதிரே நிறுத்திப் பேசினாராம்.

"எசென்வா வர்ற வரைக்கும் இங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விழக்கூடாது. கேக்கறவங்ககிட்ட ஆஸ்பத்திரியில இருக்காருன்னு சொல்லுங்க. விஷயம் வெளிய போச்சு, உங்க வாயிலேர்ந்துதான் போச்சுன்னு வெச்சுக்குவேன். அண்ணி, அப்புறம் இந்த வீட்ல உங்களுக்கு இடம் கிடையாது. ஏ அக்குன்னா, உன் வாயப் பத்தி ஊருக்கே தெரியும். பூட்டு போட்டுக்க."

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. தேர்வன்று காலை பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"கஞ்சி குடிச்சாரு" என்றாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

தேர்வை நடத்தியவரும் திருத்தியவரும் விரிவுரையாளர் உடேச்சுக்வுதான். அவர் பலகையில் எழுதிய தலைப்பு: தொலைவில் இருக்கும் உன் அண்ணனுக்கு, அப்பாவின் உடல்நிலை பற்றிக் கடிதம் எழுது.

"டேய், நம்ம ஆடு வந்துடுச்சுடா!" என்று ஒருவன் முணுமுணுத்தான். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அக்குன்னாவின் முதுகு அசையவே இல்லை.

உடேச்சுக்வு, அவள் அப்பாவின் தாய் பிறந்த ஊர்க்காரர். முறைப்படி சொல்லப்பட வேண்டியவர்களில் அவரும் ஒருவர். ஒரு விடைத்தாளில் அவர் அந்தச் சாவைப் படித்திருந்தால், முறை மீறிவிட்டார்கள் என்று அவர்கள் ஊர் இறுதிச் சடங்குக்கே வந்திருக்காது. பழி முழுவதும் அம்மா தலையில் விழுந்திருக்கும். உண்மையை எழுத வழியில்லை. மற்றவர்களைப் போல, அப்பா நலமாக இருக்கிறார் என்று எழுதத் தொடங்கி, அதையும் அடித்துவிட்டாள்.

"கஞ்சி குடிச்சாருன்னு உங்கிட்ட வாய் கூசாமச் சொல்லிட்டேன்டா" என்றாள் பிறகு. "அண்ணனுக்குன்னு எழுதறப்ப கை வரல."

மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருந்து அவள் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "அண்ணா, அப்பா உன்னைக் கூப்பிடுகிறார். யாரிடமும் எதுவும் கேட்காமல் புறப்பட்டு வா. வழியில் எங்கேயும் தங்காதே."

அடுத்த வாரம் எசென்வா வந்தார். செய்தி போக வேண்டிய இடங்களுக்கு முறையாகப் போனது. சாவை ஊருக்கு அறிவிக்கும் துப்பாக்கி வெடித்ததும் அழ அனுமதி கிடைத்தது. அக்குன்னா அழுததில் குரலே போய்விட்டது. அது திரும்புவதற்குள் தேர்வு முடிவு வந்தது. எனக்கு இடம் கிடைத்தது. அந்த ஆட்டுக் கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கிடைத்தது. அவளுக்கு இல்லை.

நான்தான் அவளை உடேச்சுக்வுவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் அடக்கத்துக்கு வந்து மண் போட்டுவிட்டுப் போனவர். விடைத்தாளைத் தேடி எடுத்தார். மேலே அவர் கையெழுத்திலேயே இருந்தது: 'மிகச் சுருக்கம். கேட்டதற்குப் பதில் இல்லை.' அந்தச் சில வரிகளை மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னிக்கே தெரியுமாம்மா உனக்கு?"

"தெரியும் சார்."

"வெளிய வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தலைப்ப மாத்திக் குடுத்திருப்பேனே."

"என்னன்னு சார் சொல்றது? அதுவும் உங்ககிட்ட?"

எனக்குக் கோபம் வந்தது. "சார், இதுதானே சரியான கடிதம்? நம்மள்ல யாரா இருந்தாலும் இப்படித்தானே எழுதணும்?" என்றேன்.

"சரிதான் தம்பி. ஆனா மார்க் போடற முறையில இதுக்கு இடம் இல்ல. முகவரிக்கு இவ்வளவு, நலம் விசாரிக்க இவ்வளவு, நீளத்துக்கு இவ்வளவுன்னு இருக்கு. சேர்க்கையும் முடிஞ்சுபோச்சு." அவள் பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷம் எழுதும்மா."

"அடுத்த வருஷம் நான் இங்க இருக்கமாட்டேன் சார்."

தாளை மறுபடி கையில் எடுத்தார். "இத நான் வகுப்புல பசங்களுக்குப் படிச்சுக் காட்டட்டுமா?"

"வேண்டாம் சார். அது எங்க அண்ணனுக்கு எழுதினது."

எசென்வா சொன்ன சொல்லிலிருந்து இறங்கவில்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தார். மாத முடிவில் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். லிப்ரவில்லில் எல்லோரும் பேசுவது பிரெஞ்சு. அண்ணன் பிள்ளைகளுக்கும் அதுதான் வரும், இக்போ ஒரு சொல் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை அக்குன்னா போனில் கூப்பிட்டாள். நான் ஏதேதோ கேட்டேன். எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள்.

"என்னடி, பேசு" என்றேன்.

"பழக்கம் விட்டுப்போச்சுடா" என்றாள்.