ஊருணிக் கரையை அளந்தவர்கள்

எங்கள் ஊருணியில் யாரும் கால் நனைப்பதில்லை. குடிக்கிற தண்ணீர் அது. செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டு இறங்க வேண்டும்; காய்ந்த படியில் நின்றபடி குனிந்துதான் குடத்தை முக்க வேண்டும். ஊருக்கு வாழ வருகிற மருமகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். பலகை எழுதி வைத்ததில்லை. வேலியும் கிடையாது.

மானகிரிக்குப் பக்கத்தில், பேருந்து நிற்கிற இடத்தில் நான் இட்லிக்கடை வைத்திருக்கிறேன். போர்வெல் தண்ணீரில் போட்டால் என் பருப்பு கல் மாதிரிக் கிடக்கும். ஊருணித் தண்ணீரில் பூவாய் மலர்ந்துவிடும். அந்தச் சாம்பாருக்காகவே திருப்பத்தூர் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் போகிறவர்கள் உண்டு. ஊருணி இல்லையென்றால் எனக்குப் பிழைப்பு இல்லை.

போன கோடையில் ஒரு வெள்ளை வேன் வந்தது. ஏதோ கம்பெனி. தண்ணீரைச் சோதித்துவிட்டு ஊருக்கு இலவசமாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டித் தருவார்களாம். என் கடையில்தான் சாப்பிட்டார்கள். இலவசம் என்பதை ஒருவர் அத்தனை தடவை சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன்.

சோதிக்க வந்தவர்கள் ஒரு பாட்டில் தண்ணீர்கூட எடுக்கவில்லை. டேப்பைப் பிடித்துக் கரையை அளந்தார்கள், மூலைக்கு மூலை. அளக்கிற மும்முரத்தில் ஒருவர் பூட்ஸ் காலோடு இறங்கித் தண்ணீருக்குள்ளேயே காலை வைத்துவிட்டார்.

"யோவ், ஏறுய்யா மேல! குடிக்கிற தண்ணியில காலக் கழுவுறீகளா?" குடத்தோடு நின்ற பெண்கள் போட்ட சத்தத்தில் அவர் தடுமாறி மேலே ஏறினார்.

"இதுக்குத்தாம்மா வேலி போடணுங்கிறோம்," என்றார் அவர், வெட்கமே இல்லாமல். "வேலி போட்டு கேட்டைப் பூட்டிட்டா யாரும் கால் வைக்க முடியாது. சுத்தம் பண்ணின தண்ணி கேன்ல வீட்டுக்கே வரும்."

"இத்தனை காலத்துல கால் வச்சது நீங்க ஒருத்தருதான். உங்க ஒருத்தருக்காகவா வேலி?" என்றாள் குடத்தோடு நின்ற ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூட்டு என்றால் சாவி உண்டு. அந்தச் சாவி யார் இடுப்பில் தொங்கும்?

அன்று முதல் வேன் நின்றது என் எதிர்வீட்டு வேப்பமரத்தடியில். அந்த வீட்டுக்காரி எனக்கு அத்தாச்சி முறை. அவள் வாசலில் மட்டும் கேன் தண்ணீர் சும்மா வந்து இறங்கிக்கொண்டிருந்தது. விலைபோய்விட்டாள் என்றே நினைத்தேன்.

"என்ன அத்தாச்சி, கேன் தண்ணி தித்திக்குதா?"

"வாடி, நீயும் ஒரு செம்பு குடி. மூஞ்சியில உள்ள கடுகடுப்பாவது குறையும்."

ஊருணிக் கரையில் வேலிக்கான கம்பிச்சுருள் வந்து இறங்கியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிராமசபைக்கு வாருங்கள் என்று வீடுவீடாக ஏறி இறங்கினேன். அத்தாச்சி வீட்டை மட்டும் தாண்டிப் போனேன்.

கூட்டத்தில் கம்பெனிக்காரர் பேசினார். ஊருணியைப் பராமரிக்கிற பொறுப்பு முழுவதையும் தாங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். "ஊர்ல ஏற்கெனவே எங்க தண்ணியக் குடிச்சுப் பார்த்திருக்காங்க, கேட்டுப் பாருங்க," என்று அத்தாச்சியைக் கைகாட்டினார்.

அத்தாச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"கேன் குடுத்தீக, வாங்குனேன். வேனுக்கு நெழலு கேட்டீக, விட்டேன். இப்ப ஊருணியக் கேக்குறீக. அது என்னுதா, நான் எடுத்துக் குடுக்க?" பிறகு என் பக்கம் விரலை நீட்டினாள். "நீங்க பூட்டுனா, அந்தா உம்முன்னு உக்காந்திருக்காளே, அவ பருப்பு வேக வைக்க எங்குட்டுப் போவா? உங்ககிட்டக் காசு குடுத்துத் தண்ணி வாங்கவா?"

ஊருணி ஊராட்சி கையிலேயே இருக்கும், எவருக்கும் விடுவதில்லை என்று தீர்மானம் போட்டோம். கைகள் மொத்தமாக உயர்ந்தன. அத்தாச்சி கையும்தான். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

வேன் போய்விட்டது. விட்டுப்போன காலிக் கேனில் அத்தாச்சி ஊருணித் தண்ணீர் கொண்டுபோகிறாள். பின்னால் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்ன கம்பிச்சுருள் மட்டும் இன்னும் கரையில் கிடக்கிறது. வேண்டாத பொருளை அவ்வளவு பத்திரமாகத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போவார்களா?

விடிந்ததும் குடத்தோடு போகிறபோது தார்ப்பாயை யாராவது பிரித்திருக்கிறார்களா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறேன். பிறகுதான் செருப்பைக் கழற்றுகிறேன்.