ஜிபார் சொல்லாத ஆறு

ஜிபார் பல்கலைக்கழகத்தில் பூகோளம் நடத்த வந்தபோது, அந்தத் துறையில் கிர்கிஸ் பெண் என்று அவள் ஒருத்திதான். வகுப்பில் அவளுக்கென்று ஒரு பாணி இருந்தது. சுவரில் தொங்கும் படத்தில் குச்சியை வைத்து, "இது எந்த ஆறு?" என்பாள். பிள்ளைகள் "நாரின்!" என்று கத்துவார்கள். துறைத் தலைவர் கிளேபொவ் இதை எல்லோரிடமும் சொல்லி மெச்சினார். "பாருங்கய்யா, பசங்க வாயிலருந்தே பதிலை வரவழைக்கறாங்க. நீங்களும் இருக்கீங்களே!"

அவர் மெச்ச மெச்ச ஜிபாருக்கு உடம்பு கூசியது. பாணியாவது மண்ணாங்கட்டியாவது! அவள் மாமனார் பெயர் நாரின்பாய்; ஆற்றங்கரையில் பிறந்தவர் என்று வைத்த பெயர். புகுந்த வீட்டுப் பெரியவர்கள் பெயர் மருமகள் வாயில் வரக்கூடாது. முழுசாகவும் கூடாது, பாதியாகவும் கூடாது. அவர் மலைக்கு அந்தப் பக்கம் கிராமத்தில் இருந்தால் என்ன, கூடாதென்றால் கூடாது. ஆளில்லாத வகுப்பறையில் நின்று அவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நாக்கு எழவில்லை. மாஸ்கோவில் படித்துப் பட்டம் வாங்கியவள் இப்படி இருக்கிறோமே என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வேலையை நிரந்தரமாக்க ஒரு குழு வந்தது. அதன் முன்னால் பாடம் நடத்த வேண்டும். பிடித்தால் வேலை, இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு கிளேபொவே தலைப்பைக் கொடுத்தார்: நம் ஆறுகள். போதாக்குறைக்கு மாமனாரும் ஊரிலிருந்து வந்துவிட்டார். வெள்ளைக் கம்பளித் தொப்பியும் புது பூட்ஸுமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவனிடம் "நம்ம மருமக" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

ஜிபார் வழக்கம்போலக் குச்சியை வைத்தாள். "இது எந்த ஆறு?"

பிள்ளைகள் வாயெடுப்பதற்குள் குழுத் தலைவி கையை உயர்த்தினாள். "அவங்க வேணாம். நீங்க சொல்லுங்க."

"பெரிய ஆறு. கிழக்கேருந்து மேற்கே ஓடுது."

"ஓடட்டும். பேரு என்ன?"

ஜிபாரின் காதெல்லாம் எரிந்தது. காரணத்தைச் சொன்னால் கட்டுப்பெட்டி என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். "மறந்துபோச்சு," என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிழவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார். "யாரைப் பாத்துச் சிரிக்கிறீங்க? அவளுக்கு எல்லாம் தெரியும்! அது என் பேரு, அதான் சொல்ல மாட்டேங்கறா. நல்ல குடும்பத்துப் பொண்ணுய்யா!"

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. கிளேபொவ் மட்டும் சிரிக்கவில்லை. இதுதானா உன் பாணி என்பதுபோல அவளைப் பார்த்தார். தான் உதவி செய்யவில்லை, கெடுத்துவிட்டோம் என்று கிழவருக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த வசந்தத்தில் இன்னொரு வாய்ப்பு, அப்போதும் வாயைத் திறக்காவிட்டால் வேலை இல்லை என்று குழு சொல்லிவிட்டுப் போனது.

அந்தக் குளிர்காலத்தில் கிழவர் ஊரைக் கூட்டி ஆடு அடித்தார். ஜிபாரின் கணவன் சாதிக்கைக் கூப்பிட்டு, "அந்தப் பூகோளப் படத்தை விரிடா. அதுல இல்லாத பேரா ஒண்ணு எனக்கு வை," என்றார்.

"தாஷ்பாய்னு வைக்கலாமே," என்றார் ஒருவர்.

"அட மடையா, அப்புறம் தாஷ்கென்ட்டை அவ எப்படிச் சொல்லுவா?"

கடைசியில் எசென்பாய் என்று முடிவானது. பெரியவர்கள் கையேந்தி வேண்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

சேதி கேட்டு ஜிபார் கூனிக் குறுகிப்போனாள். "என் வேலைக்காக ஒரு மனுஷர் பேரையே விடணுமா?" என்று கணவனிடம் அழுதாள்.

"உனக்குச் சொல்ல வாய் வரல. அவரு வேற என்ன பண்ணுவாரு?" என்றான் சாதிக்.

உண்மைதானே. அதனால்தான் இன்னும் சுட்டது.

வசந்தத்தில் குழு வந்தது. ஜிபார் குச்சியை வைத்து, "நாரின்," என்றாள். சொன்ன வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது. ஆனாலும் பாடம் முடியும்வரை சொன்னாள். வேலை நிரந்தரமாயிற்று, தலை நரைத்து ஓய்வு பெறும்வரை அங்கேதான் நடத்தினாள்.

வேலை நிரந்தரமான அந்த வருஷக் கோடையில் ஊருக்குப் போனாள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் கிழவர் கேட்டார்: "சொன்னியா தாயி?"

"சொன்னேன் மாமா."

"எனக்கும் ஒருதரம் சொல்லேன். எங்கம்மா வெச்ச பேரு. இப்பல்லாம் யாரும் கூப்பிடறதில்ல. இனிமே அது வெறும் ஆறுதானே, சொல்லு."

ஜிபார் வாயைத் திறந்தாள். எதிரே அவர் முகம், கேட்க ஆசையாகக் காத்திருந்தது. அவளால் முடியவில்லை. தலையைக் குனிந்து கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"சரி, விடு," என்று கிழவர் வாங்கிக்கொண்டார்.