பதுளை ஸ்டூடியோவின் கறுப்புக் கோட்டு

ஒரு கறுப்புக் கோட்டு யாருடையது என்று தேவையில்லாத இடத்தில் சொல்லி, கூடிவந்த ஒரு கல்யாணத்தைக் கெடுத்தவன் நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். என் வயதில் உள்ளவர்கள் கட்டுரை எழுதினால், தாங்கள் அழகாக விழுந்த படத்தைத்தான் முகப்பில் ஒட்டுவார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. விட்டுவிட்டேன்.

டொரன்டோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் முதியவர்களுக்குக் கணினி வகுப்பு நடத்துகிறார்கள். நண்பர்களைச் சேர்த்துப் படம் போடும் இணையத்தளம் ஒன்றில் எங்களுக்கும் கணக்குத் திறந்து கொடுத்தாள், ஜெனிபர் என்ற இளம் ஆசிரியை. பெயர் எழுதும்வரை பிரச்சினை இல்லை. முகத்துக்கு வந்ததும் வகுப்பே திணறியது. எங்கள் ஆட்களில் ஒருவர் மருமகனின் காரில் சாய்ந்து நின்ற படத்தைக் கொண்டுவந்திருந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரு அம்மா நயாகராவைப் போட்டார். அதில் அவர் எங்கே நிற்கிறார் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. இன்னொருவர் பிள்ளையாரைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார். நான் கொடுத்தது இலங்கை மலைநாட்டில், பதுளையில் எடுத்த படம். கறுப்புக் கோட்டு, முடிச்சுப் போட்டபடியே தொங்கும் சிவப்பு டை. "நீங்கள் வழக்கறிஞரா?" என்று கேட்டாள் ஜெனிபர். ஆசிரியர் என்றேன். "அப்படியானால் உங்கள் பள்ளிக்கூடம் பெரிய பணக்காரப் பள்ளிக்கூடம்" என்று மெச்சினாள். கூரை ஒழுகினால் பிள்ளைகளை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டுப் பாடம் நடத்திய இடம் அது. திருத்த வாய் வரவில்லை. திருத்தாமல் விடுவதில் எனக்கு நெடுநாள் பழக்கம்.

அந்தக் கோட்டின் கதை இதுதான். தொண்ணூறுகளில் பதுளைக் கடைவீதியில் இருந்த ஒரு ஸ்டூடியோவில், கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் அது தொங்கும். நமுனுகுலையிலிருந்தும் ஹாலிஎலயிலிருந்தும் ஹல்துமுல்லையிலிருந்தும் படம் பிடிக்க வரும் ஆண்கள் எல்லாரும் அதற்குள்தான் புகுந்து வெளியே வருவார்கள். மெலிந்தவனுக்கு முதுகில் துணிக் கிளிப் போடுவார்கள். தடித்தவன் மூச்சைப் பிடிக்க வேண்டும். உள்ளே பவுடரும் முந்தியவனின் வியர்வையும் மணக்கும். வலது காலர் நுனியில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு ஒன்று, பிறை மாதிரி. வெளிநாட்டுக்குக் கிளம்புமுன் நானும் அதற்குள் புகுந்தேன். "சார், கழுத்த நீட்டாதீங்க, தொரை மாதிரி கம்பீரமா இருங்க" என்றான் படம் பிடித்தவன். இருந்தேன். பிறகு இங்கே வந்தும் அப்படியே இருந்துவிட்டேன்.

என் மனைவி யாழ்ப்பாணத்தவள். பதுளைக்கு ஆசிரியையாக வந்தவள். அவளோடு பேசிப் பேசி அவளுடைய தமிழ் எனக்குப் படிந்திருந்தது. கனடாவில் எங்களைச் சந்தித்தவர்கள் என்னையும் யாழ்ப்பாணத்தான் என்றும், பதுளைக்கு உத்தியோகத்துக்குப் போனவன் என்றும் தாங்களாகவே முடிவு செய்தார்கள். நான் நமுனுகுலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீட்டில் பிறந்தவன், அப்பாவும் அம்மாவும் அங்கே தொழிலாளர்கள் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்து ஆட்களைத் தாழ்வாகப் பார்ப்பவர்கள் அவர்களில் பலர். யாரும் கேட்கவில்லை என்பது என் சமாதானம்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஒருநாள் என் நண்பர் அருளம்பலம் வீட்டுக்குக் கூப்பிட்டார். அவருடைய மகள் சுகந்தி இணையத்தில் கல்யாணத் தளம் ஒன்றில் ஒருவனைக் கண்டு, சில மாதங்களாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். பெயர் லோகநாதன். பதுளையில் கணித ஆசிரியர்.

"மாஸ்டர், உங்கட பதுளைப் பெடியன். வந்து பாருங்கோ. ஆள் ஒரு லோயர் மாதிரி இருக்கிறான்" என்று திரையைக் காட்டினார் அருளம்பலம். அவருக்குப் பிடித்துப்போயிருந்தது முகத்தில் தெரிந்தது.

நான் முகத்தைப் பார்க்கவில்லை. காலரின் பிறைத் தழும்பைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

"இது ஸ்டூடியோக் கோட்டெல்லோ! லயத்துப் பெடியள் எல்லாரும் இதைத்தான் போடுறவங்கள்."

"லயமோ?" என்றார் அவர். சிரிக்கவில்லை. அந்த இடத்தில் "நானும் போட்டிருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கெட்டிக்காரனாகத் தெரிந்த சந்தோஷத்தில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். அடுத்த கிழமை பேச்சு முறிந்தது என்று கேள்விப்பட்டேன்.

ஜெனிபர் என் படத்தைத் திரையில் ஏற்றிய அன்றுதான், இத்தனை வருடம் கழித்து, அதே தழும்பு என் கழுத்தடியிலிருந்து என்னைப் பார்த்தது. நேரே அருளம்பலம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் நீங்களும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

சுகந்தி குசினி வாசலில் நின்றாள். அவள் பிறகு யாரையும் கட்டவில்லை.

"அங்கிள், கோட்டு ஸ்டூடியோவின்ர எண்டு அவர் முதல் நாளே சொல்லிப்போட்டார். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சனாங்கள். லயத்தில பிறந்ததையும் சொன்னவர். அப்பாவுக்கு மெல்ல மெல்லச் சொல்லுவம் எண்டு இருந்தனான். நீங்கள் முந்தீட்டீங்கள்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் லோகநாதனின் மின்னஞ்சல் முகவரியை எழுதிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் அவனுக்கு எழுதினேன். எண் கேட்டு அவனே தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்க சார். எனக்கு ரெண்டு புள்ளைங்க. சுகந்தி நல்லா இருக்காங்களா?" விசாரித்துவிட்டுத் தொடர்ந்தான். "கோட்டப் பத்திச் சொன்னது கூட பரவால்லைங்க. நீங்களும் போட்டவருன்னு அன்னைக்கே சேத்துச் சொல்லியிருக்கலாம்."

ஆமாம் என்றேன்.

"எந்தத் தோட்டம் சார் நீங்க?"

சொன்னேன். அவனுடையது அதற்கு அடுத்த தோட்டம். வகுப்பில் திறந்த என் கணக்கில் அவனும் நண்பனாகச் சேர்ந்துகொண்டான். மறுநாள் எழுதினான்: "அம்மாகிட்ட ஒங்க படத்தக் காட்டுனேன். இந்தத் தொரைய நான் பாத்ததே இல்லங்கிறாங்க. ஒங்க அப்பா பேரு என்னங்க?" எழுதி அனுப்பினேன்.

அதற்குப் பதில் தனியாக வரவில்லை. எல்லாரும் பார்க்கும்படி, கோட்டு போட்ட என் படத்துக்குக் கீழேயே வந்தது: "அம்மா சொல்றாங்க, அட, நம்ம சுருட்டு மாரிமுத்து மகனா! கோட்டு போட்டா மட்டும் அந்த மூக்கு மாறிருமா?"

அருளம்பலம் அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. கோயிலில் கண்டால் தலையாட்டுகிறார். ஆனால் வகுப்பு நண்பர்கள் வாசித்துவிட்டார்கள். பிள்ளையாரைப் போட்டவர்தான் அதன் கீழே முதலில் எழுதிக் கேட்டார்: "மாஸ்டர், ஆர் இந்தச் சுருட்டு மாரிமுத்து?"

அழிப்பதற்கு ஒரு பொத்தான் இருப்பதை ஜெனிபர் சொல்லித் தந்திருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே பனி தள்ளும் வண்டி போய்க்கொண்டிருந்தது. நமுனுகுலையில் அந்நேரம் விடிந்து, பெரட்டுக்குக் கூடிய தொழிலாளர்களைப் பெயர் கூப்பிடத் தொடங்கியிருப்பார்கள். ஒற்றை விரலால், பழக்கத்தில் மனைவியின் தமிழில், "என்ர அப்பா" என்று தட்டினேன். பிறகு அதை அழித்துவிட்டு, "எங்கப்பாங்க" என்று எழுதி அனுப்பினேன்.